தேர்தல் முடிவும் சேர்மன் நாற்காலியும்



1989 நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ராஜீவ் காந்தி தலைமையிலான காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. டிசம்பர் 2 அன்று வி.பி. சிங் பிரதமரானார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1990 ஏப்ரலில் பம்பாயில் ஒரு பெரிய கம்பெனியின் சேர்மன் பதவி விலகினார். அவர் திருபாய் அம்பானி. கம்பெனி, லார்சன் அண்ட் டூப்ரோ. இந்த இடைவெளியில் கம்பெனி திவாலாகவில்லை. ஆலை எதுவும் மூடப்படவில்லை. மாறியது டெல்லியின் ஆட்சி.

ஊரில் போடும் ஓட்டுக்கும் போர்டு ரூமில் போடப்படும் நாற்காலிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். கம்பெனிச் செய்திகள் வணிகப் பக்கத்தில் வருகின்றன, அரசியல் செய்திகள் முதல் பக்கத்தில் வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தியக் கம்பெனிகளின் கடந்த எழுபது ஆண்டுக் கதை விளங்கும். அந்தக் கதையில் பல முறை நாற்காலியை நகர்த்தியது சிறு சேமிப்பாளர்களின் பணம். அவர்களிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை.

லார்சன் அண்ட் டூப்ரோவிலிருந்தே தொடங்கலாம். 1938-ல் டென்மார்க் பொறியாளர்கள் இருவர், ஹென்னிங் ஹோல்க்-லார்சனும் சோரன் டூப்ரோவும், தொடங்கிய நிறுவனம் அது. சென்னை மணப்பாக்கத்தில் இயங்கும் அதன் கட்டுமானப் பிரிவு தமிழ்நாட்டுக்கு நன்கு பழக்கமானது. அந்தக் கம்பெனிக்கு முதலாளிக் குடும்பம் என்று ஒன்று கிடையாது. பங்குகளில் கணிசமான பகுதி எல்.ஐ.சி., யூனிட் டிரஸ்ட் போன்ற அரசு நிதி நிறுவனங்களிடம் இருந்தது. மீதியில் பெரும்பாலானவை சிறு முதலீட்டாளர்களிடம் சிதறிக் கிடந்தன.

1988-ல் ரிலையன்ஸ் தரப்பு உள்ளே வந்தது. அரசு நிதி நிறுவனங்கள் விற்ற பங்குகள், பேங்க் ஆஃப் பரோடாவின் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக ரிலையன்ஸ் சார்ந்த நிறுவனத்தின் கைக்குப் போயின. 1989 ஏப்ரலில் திருபாய் சேர்மன் ஆனார். பங்குகள் கைமாறிய விதம் சர்ச்சையாகி நீதிமன்றம் வரை சென்றது. டிசம்பரில் ஆட்சி மாறியது. அதன் பிறகு, ரிலையன்ஸ் தரப்பு இயக்குநர்களை நீக்குவதற்காகச் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டும்படி எல்.ஐ.சி. கேட்டது. கூட்டம் நடப்பதற்கு முன்பே திருபாய் விலகிக்கொண்டார். ஸ்டேட் வங்கியின் முன்னாள் தலைவர் டி.என். கோஷ் அந்த இடத்துக்கு வந்தார்.

திருபாய் வந்ததும் சரியா, போனதும் சரியா என்று இன்றைக்கும் வாதிடலாம். வாதத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு. அவர் உள்ளே வர வழிவிட்ட பங்குகளும், அவரை வெளியே அனுப்ப எழுந்த ஓட்டும் பொதுத்துறை நிதி நிறுவனங்களுடையவை. அவற்றின் பின்னால் இருந்தது மாதச் சம்பளத்தில் பிரீமியம் கட்டிய பள்ளி ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், குமாஸ்தாக்கள் ஆகியோரின் பணம். 1989-லும் 1990-லும் அந்தப் பணம் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்தது. எந்தத் திசை தங்களுக்கு நல்லது என்று அவர்களிடம் கேட்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

இவ்வளவு பங்கு அரசின் கைக்கு எப்படி வந்தது? 1956-ல் நாடு முழுவதும் இருந்த 245 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களையும் சேம நிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. உருவாயிற்று. அவை வைத்திருந்த பங்குகளும் சேர்ந்தே வந்தன. 1964-ல் யூனிட் டிரஸ்ட் பிறந்தது. 1970-களில், ஆலைகளுக்கு நீண்டகாலக் கடன் தந்த அரசு நிதி நிறுவனங்கள், கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கின. போர்டில் தங்கள் பிரதிநிதியையும் உட்காரவைத்தன. ஐந்து சதவீதமோ பத்து சதவீதமோ பங்கு வைத்திருந்த குடும்பங்களால், அரசு நிதி நிறுவனங்கள் பேசாமல் இருக்கும்வரை கம்பெனியைத் தம்முடையதாகவே நடத்த முடிந்தது.

பேசாமல் இருப்பது எப்போதும் நீடிக்காது என்று எஸ்கார்ட்ஸ் வழக்கு காட்டியது. 1983-ல் லண்டன் தொழிலதிபர் ஸ்வராஜ் பால் எஸ்கார்ட்ஸ், டி.சி.எம். கம்பெனிகளின் பங்குகளை வாங்கினார். எஸ்கார்ட்ஸை நடத்திவந்த எச்.பி. நந்தா அந்தப் பங்குகளைப் பெயர் மாற்றிப் பதிய மறுத்தார். அவர் குடும்பத்திடம் இருந்த பங்கு சொற்பம். நிதி நிறுவனங்களிடம் பாதிக்கு மேல். ஒன்பது இயக்குநர்களை நீக்கிவிட்டு வேறு ஒன்பது பேரை அமர்த்தக் கூட்டம் வேண்டுமென்று எல்.ஐ.சி. நோட்டீஸ் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1985 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: இயக்குநரை மாற்ற நினைக்கும் பங்குதாரர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல; மற்ற பங்குதாரருக்கு உள்ள உரிமை எல்.ஐ.சி.க்கும் உண்டு.

சட்டப்படி அது தெளிவான தீர்ப்பு. நடைமுறையில் அது ஒரு பெரிய கேள்வியைத் திறந்துவிட்டது. காரணம் சொல்லாமல் இயக்குநரை நீக்கக்கூடிய பங்குதாரர், டெல்லியில் யார் ஆள்கிறாரோ அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவராக இருந்தால், அந்தக் கம்பெனியின் இயக்குநர் யார் முகத்தைப் பார்ப்பார்?

அரசே நேரடி உரிமையாளராக இருந்த இடங்களில் இந்தக் கேள்விக்கு விடை உடனே கிடைத்தது. 1932-ல் ஜே.ஆர்.டி. டாடா தொடங்கிய விமான சேவை 1953-ல் நாட்டுடைமையானது. ஆனாலும் ஏர் இந்தியாவின் சேர்மனாக அவரே இருபத்தைந்து ஆண்டு தொடர்ந்தார். 1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. 1978 ஜனவரி 1 அன்று ஏர் இந்தியாவின் ஜம்போ ஜெட் பம்பாய் கடலில் விழுந்து 213 பேர் இறந்தனர். அடுத்த மாதமே ஜே.ஆர்.டி.யை மொரார்ஜி தேசாய் அரசு நீக்கியது. விமானப்படையின் முன்னாள் தளபதி பி.சி. லால் சேர்மன் ஆனார். 1980-ல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானதும் ஜே.ஆர்.டி. போர்டு உறுப்பினராகத் திரும்ப அழைக்கப்பட்டார். சேர்மன் பதவி திரும்பவில்லை. அந்த நிறுவனமே டாடா குழுமத்துக்குத் திரும்ப 2022 ஜனவரி ஆயிற்று. விலை 18,000 கோடி ரூபாய். அதில் 15,300 கோடி, ஏர் இந்தியாவின் கடனை ஏற்றுக்கொண்ட வகையில்.

தமிழ்நாட்டின் அனுபவத்தை வங்கிகளில் பார்க்கலாம். 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற ஆங்கிலேயர் வங்கி கவிழ்ந்து ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மூழ்கியது. அந்த அதிர்ச்சியில்தான் நம் கையிலேயே ஒரு வங்கி வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைத்தார். 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. 1937-ல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் சமூகத்தின் தேவையை அறிந்த வங்கி அது.

1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசு, 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகளை அவசரச் சட்டத்தால் நாட்டுடைமையாக்கியது. அந்தப் பட்டியலில் இந்த இரண்டும் இருந்தன. ஒரே இரவில் 14 போர்டுகள் இல்லாமல் போயின. ஒவ்வொரு வங்கிக்கும் கஸ்டோடியன் என்ற பெயரில் ஒரு பொறுப்பாளர் அமர்த்தப்பட்டார். சென்ட்ரல் வங்கியின் இயக்குநரும் பங்குதாரருமான ஆர்.சி. கூப்பர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1970 பிப்ரவரி 10 அன்று பதினொரு நீதிபதிகளில் பத்துப் பேர் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றனர். நான்கு நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது; வங்கிகள் அரசிடமே நின்றன.

வங்கி தேசியமயத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. கிராமங்களுக்குக் கிளை வந்தது. விவசாயிக்கும் சிறுதொழிலுக்கும் கடன் கதவு திறந்தது. ஆனால் போர்டு என்ற அமைப்பு அதே காலத்தில் மெலிந்தது. தலைவரை நியமிப்பது டெல்லி, பதவியை நீட்டிப்பது டெல்லி என்றான பிறகு, பெரிய கடன் கோப்பு ஒன்று மேசைக்கு வரும்போது கேள்வி கேட்கும் துணிச்சல் எங்கிருந்து வரும்?

அந்த மெலிவு வெளியே தெரிய ஒரு பொருளாதார மாற்றம் தேவைப்பட்டது. 1991-ல் வங்கித் துறையை ஆராய்ந்த நரசிம்மம் குழு அறிக்கை தந்தது. அதை ஒட்டி, வராக் கடனை வராக் கடன் என்றே கணக்கில் காட்ட வேண்டும், கைக்கு வராத வட்டியை வருமானமாக எழுதக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 1992 முதல் விதி கொண்டுவந்தது. அதுவரை ஏட்டில் நல்ல கடனாக நின்றவை ஒவ்வொன்றாக நிறம் மாறின. 1995-96-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியன் வங்கி 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. நாட்டையே உலுக்கிய எண் அது. சிபிஐ வழக்குகள் வந்தன. அரசு தன் கஜானாவிலிருந்து, அதாவது வரி கட்டுகிறவரின் பணத்திலிருந்து, மூலதனம் போட்டது. 2000-ல் ரஞ்சனா குமார் தலைமை ஏற்ற பிறகு வங்கி மெல்ல மீண்டது. ஆர்பத்நாட் தந்த பாடத்தில் பிறந்த வங்கிக்கே அந்த நிலை வந்ததை, சென்னையில் இருப்பவர்கள் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

1991 வங்கிகளை மட்டும் தொடவில்லை. அந்த ஆண்டு கோடையில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. தங்கத்தை அடகு வைக்க வேண்டியிருந்தது. ஜூலை 24 அன்று நரசிம்ம ராவ் அரசு புதிய தொழில் கொள்கையை வெளியிட்டது. 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் முறை ஒழிந்தது. பெரிய குழுமங்கள் விரிவடைய அனுமதி கேட்க வேண்டும் என்ற எம்.ஆர்.டி.பி. சட்டத்தின் சொத்து வரம்பு நீங்கியது. மறு ஆண்டு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு சட்ட அதிகாரம் பெற்றது. அயல்நாட்டு நிதி நிறுவனங்கள் இந்தியப் பங்குச் சந்தையில் நேரடியாக வாங்க அனுமதி கிடைத்தது.

அதுவரை ஒரு கம்பெனித் தலைவரின் பெரிய திறமை, டெல்லியில் எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று அறிவது. லைசென்ஸ் கிடைத்துவிட்டால் போட்டி கிடையாது; ஸ்கூட்டர் வாங்கப் பல ஆண்டுகள் வாடிக்கையாளர் வரிசையில் நின்றார். வரிசை மறைந்ததும் வேறு திறமை தேவைப்பட்டது. 1993-ல் ராகுல் பஜாஜ் உள்ளிட்ட தொழிலதிபர்கள், அயல்நாட்டுக் கம்பெனிகளோடு சம நிலையில் போட்டியிட அவகாசம் வேண்டும் என்று குரல் எழுப்பினர். பத்திரிகைகள் அவர்களுக்கு பாம்பே கிளப் என்று பெயரிட்டன. அதே ஆண்டு டாடா ஸ்டீலில் பல்லாண்டு அசைக்க முடியாதவராக இருந்த ரூசி மோடி வெளியேற நேர்ந்தது. 1991-ல் டாடா குழுமத்தின் தலைமைக்கு வந்த ரத்தன் டாடா, ஓய்வு வயது என்ற விதியைக் கொண்டு குழுமத்தின் தனித்தனிக் கோட்டைகளை ஒன்றின் கீழ் கொண்டுவந்தார்.

லைசென்ஸ் அதிகாரி போன இடத்தில் சந்தை வந்து நின்றது. சந்தைக்கு நம்பிக்கை தர ஒருவர் தேவைப்பட்டார். சுயாதீன இயக்குநர் என்ற பதவி அப்படித்தான் முக்கியமானது. குமார் மங்கலம் பிர்லா குழுவின் பரிந்துரைப்படி 2000-ல் செபி, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் போர்டுகளில் வெளியாட்கள் இருக்க வேண்டும் என்று விதித்தது. கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருக்கும் புரமோட்டருக்கும் அரசுக்கும் கட்டுப்படாதவர், சிறு பங்குதாரரின் காவலர் என்பது அந்தப் பதவியின் இலக்கணம்.

2008 டிசம்பர் 16 அந்த இலக்கணத்தைச் சோதித்தது. ஹைதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் போர்டு கூடியது. சேர்மன் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தினர் நடத்திய இரண்டு மேடாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கும் தீர்மானம் வந்தது. மென்பொருள் கம்பெனிக்கு ரியல் எஸ்டேட்டும் கட்டுமானமும் எதற்கு? ஹார்வர்டு பேராசிரியர், பெயர்பெற்ற மேலாண்மைக் கல்லூரியின் தலைவர், மத்திய அரசின் முன்னாள் கேபினெட் செயலர் ஆகியோர் வெளி இயக்குநர்களாக இருந்த போர்டு அது. தீர்மானம் நிறைவேறியது. அமெரிக்கச் சந்தையில் சத்யம் பங்கு சரிந்தது; முதலீட்டாளர்கள் கொதித்தார்கள்; சில மணி நேரத்தில் தீர்மானம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு தன் கடிதத்தில் பல ஆண்டுக் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். 7,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஓட்டை. மேடாஸ் தீர்மானத்தைத் தடுத்தது போர்டு அல்ல, சந்தை.

அதன் பிறகு நடந்ததில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அரசு பழைய போர்டைக் கலைத்தது. தீபக் பாரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் ஆகியோரையும், அடுத்து சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி.என். மனோகரன் உள்ளிட்ட வேறு மூவரையும் நியமித்தது. சுமார் 50,000 ஊழியர்களின் வேலையும் உலகெங்கும் இருந்த வாடிக்கையாளர்களின் நம்பிக்கையும் அவர்கள் கையில் இருந்தன. ஏலம் நடத்தி, 2009 ஏப்ரலில் கம்பெனியை டெக் மஹிந்திராவிடம் ஒப்படைத்தார்கள். ஆறு பேர் கொண்ட போர்டு மூன்று மாதத்தில் ஒரு கம்பெனியைக் காப்பாற்றியது. எந்த நாற்காலியில் இருக்கிறோம் என்று அறிந்தவர்கள் உட்கார்ந்தால் போர்டால் என்ன முடியும் என்பதற்கு இந்திய வரலாற்றில் இதைவிட நல்ல சான்று இல்லை.

2013 கம்பெனிச் சட்டம் சத்யத்தின் நிழலில் வந்தது. அதன் 166-ஆம் பிரிவு இயக்குநரின் கடமையை முதல்முறையாக எழுதி வைத்தது. கம்பெனி, அதன் ஊழியர்கள், பங்குதாரர்கள், சுற்றியுள்ள சமூகம், சுற்றுச்சூழல் ஆகிய அனைத்தின் நலனுக்காகவும் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும் என்கிறது அது. ஆட்சியில் இருப்பவர் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. புரமோட்டர் என்ற சொல்லும் இல்லை.

மூன்றாண்டில் இன்னொரு சட்டம் வந்தது. 2016-ன் திவால் சட்டப்படி, வாங்கிய கடனைக் கட்டாத கம்பெனியின் வழக்கைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் போர்டின் அதிகாரம் நின்றுபோகும். தீர்வு அலுவலர் பொறுப்பேற்பார். தவறிய புரமோட்டர் தன் கம்பெனியையே ஏலத்தில் திரும்ப எடுக்க முடியாதபடி 2017-ல் 29ஏ பிரிவு சேர்ந்தது. கம்பெனி நொடித்தாலும் முதலாளி நொடிக்க மாட்டார் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. ருயா குடும்பத்தின் எஸ்ஸார் ஸ்டீல் 2019 டிசம்பரில் சுமார் 42,000 கோடி ரூபாய்க்கு ஆர்செலர் மிட்டல் கூட்டணியின் கைக்குப் போனது.

அதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் நடந்தது. அரசியல் கட்சிக்கு ஒரு கம்பெனி நன்கொடை தர வேண்டுமென்றால் போர்டு தீர்மானம் வேண்டும். மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது, யாருக்குத் தந்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டும் என்பது பழைய விதி. 2017 நிதிச் சட்டம் வரம்பையும் நீக்கியது, கட்சியின் பெயரைச் சொல்ல வேண்டிய கடமையையும் நீக்கியது. கூடவே, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர வழிசெய்யும் தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. நட்டத்தில் இருக்கும் கம்பெனிகூட வரம்பின்றி நன்கொடை தரலாம் என்றிருந்ததையும் நிராகரித்தது. மார்ச்சில் வெளியான, பத்திரம் வாங்கியோர் பட்டியலில் 1,368 கோடி ரூபாயோடு முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூரின் பியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். ஒரு தனியார் கம்பெனி தன் பணத்தைத் தருவது வேறு. பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் இயக்குநர்கள், எந்தக் கட்சிக்கு என்று பங்குதாரருக்குச் சொல்லாமலே அவர்களின் பணத்தைத் தரக் கைதூக்கினார்கள் என்பது வேறு. அந்தத் தீர்மானங்களின் மீது மறுப்பு எழுதிய இயக்குநர்கள் எத்தனை பேர் என்பதைப் பங்குதாரர்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஆட்சி மாறும், கொள்கை மாறும், சந்தை ஏறும், இறங்கும். அவற்றை நிறுத்த எந்தப் போர்டாலும் முடியாது. மாற்றம் வரும் நாளில் இயக்குநர் தன் கடமை யாருக்கு என்று அறிந்திருக்கிறாரா, தன் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதிவைக்கிறாரா என்பதுதான் அவர் கையில் உள்ளது. லார்சன் அண்ட் டூப்ரோவே, திருபாய் விலகிய பிறகு, ஒரு வழியைக் காட்டியது. ரிலையன்ஸ் தன்னிடமிருந்த பங்குகளை 2001-ல் பிர்லா குழுமத்தின் கிராசிமுக்கு விற்றது. கம்பெனி மீண்டும் ஒரு குழுமத்தின் கைக்குப் போகும் என்ற அச்சம் எழுந்தபோது, அப்போது கம்பெனியை நடத்திவந்த ஏ.எம். நாயக்கின் தலைமையில் பேச்சு நடந்தது. 2004-ல் சிமென்ட் தொழில் பிர்லாக்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. கிராசிம் கையிலிருந்த பங்குகளை ஊழியர்களுக்கான அறக்கட்டளை வாங்கியது. தங்கள் கம்பெனியில் ஊழியர்களே பெரிய பங்குதாரர் ஆனார்கள்.

எல்லாக் கம்பெனிக்கும் அந்த வழி பொருந்தாது. ஆனால் சட்டத்திலேயே கிடக்கும் சில வழிகள் பயன்படாமல் இருக்கின்றன. கம்பெனிச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, 20,000 ரூபாய்க்கு மிகாத முகமதிப்புள்ள பங்குகளை வைத்திருப்போர் தங்களுக்கென ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்க இடம் தருகிறது. ஆயிரம் சிறு பங்குதாரர்கள், அல்லது அவர்களின் மொத்த எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அத்தனை பேர் நோட்டீஸ் கொடுத்தால் போதும். அப்படித் தேர்வானவர்கள் இந்திய போர்டுகளில் அரிதினும் அரிது. பட்டியலிட்ட கம்பெனிகளில் இது கட்டாயம் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். பொதுத்துறை வங்கிகளின் தலைவர் பதவியும் சுயாதீன இயக்குநர் பதவியும் அரசியல் காலண்டரைப் பார்த்துக் காலியாக வைக்கப்படும் நிலை ஒழிய வேண்டும். எல்.ஐ.சி. தன் ஓட்டைப் போட்டால், ஏன் அப்படிப் போட்டது என்பதைப் பாலிசிதாரருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. பட்டியலிட்ட கம்பெனிகளின் பொதுக்கூட்டத் தீர்மானங்களுக்கு வீட்டிலிருந்தே மின்வழி ஓட்டுப் போடலாம். நோட்டீஸ் மின்னஞ்சலுக்கே வருகிறது. சுயாதீன இயக்குநரை நியமிக்கவும் நீக்கவும் பொதுவாகச் சிறப்புத் தீர்மானம், அதாவது நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும் என்று 2022 முதல் செபி விதித்திருக்கிறது. ஆகவே சிறு ஓட்டுகளுக்கும் இப்போது எடை கூடியிருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகள் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டன என்பது அவற்றின் இணையதளங்களில் வெளியாகிறது. மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. கட்டுகிறவருக்கு அதைப் படித்துக் கேள்வி அனுப்பும் உரிமை உண்டு. இந்த ஆண்டு பொதுக்கூட்டக் காலத்தில், இந்த அவையில் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு கம்பெனியையாவது எடுத்துக்கொண்டு, புதிதாக நியமிக்கப்படும் இயக்குநர் யார், அவரை முன்மொழிந்தவர் யார், அரசியல் நன்கொடை எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் தேடிப் பார்த்துவிட்டு ஓட்டுப் போட வேண்டும் என்பதே இந்தப் பேச்சின் வேண்டுகோள்.